முதல் வகை ஓகே

லிஃப்டைச் சரிபண்ண மூன்று நாள் ஆயிற்று. சரிபண்ணிய லிஃப்டை ஓட்டலாம் என்று ஒருவர் வாயிலிருந்து வரவழைக்க நாற்பத்தேழு நாள் போதவில்லை. இதில் லிஃப்ட்காரர்மேல் ஒரு குற்றமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர் இருபது வருடமாக அந்த வேலை பார்க்கிறவர். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கவில்லையா, கதவு பாதியில் நின்று முழிக்கிறதா, காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு மெஷின்தான் பழக்கம். ஒப்புதல் வாரியம் பழக்கமில்லை.

ஒப்புதல் வாரியம் எட்டு மாடிக் கட்டடம். யார் எதைக் கட்டினாலும், இடித்தாலும், திறந்தாலும், மூடினாலும் அங்கே வந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது சட்டம். வாங்கினார்களா என்பது வேறு விஷயம். கட்டடத்துக்கு ஒரே லிஃப்ட். அது ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. பராமரிப்பு ஒப்பந்தம் பழைய காலத்தில் போட்டது. வருடா வருடம் அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும், யாரும் தலையாட்ட வேண்டியதில்லை. அந்த ஒரே காரணத்தால் அது உயிரோடு இருந்தது. அதன்படி கம்பெனி இவரை அனுப்பியது. இவர் வந்தார், கீழே மெயின் சுவிட்சை அணைத்தார், பையிலிருந்து "வேலை நடக்கிறது, தொடாதீர்கள்" என்ற தன் சிவப்புப் பலகையை எடுத்து அதில் மாட்டினார், மேலே ஏறிப் போய் வேலையைப் பார்த்தார்.

அதே கட்டடத்தில் ஆறாவது மாடியில் அவர் மனைவிக்கு வேலை. பதிவேட்டுப் பிரிவு. அப்போது அவளுக்கு ஆறாவது மாசம். "சீக்கிரம் முடிங்க, படி ஏற முடியல" என்று அவள் சொன்னதால் இரண்டு வார வேலையை மூன்றே நாளில் முடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாவது நாள் காலை கட்டடப் பொறியாளரிடம் போனார். "சார், லிஃப்ட் ரெடி. சுவிட்ச போட்டுரலாமா?"

பொறியாளர் காப்பியை ஊதிக்கொண்டே, "ஓகே" என்றார். அட, இவ்வளவு சுலபமா என்று லிஃப்ட்காரர் கீழே வந்து சுவிட்சில் கை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"எத்தனாம் வகை?"

"எது?"

"அவர் சொன்ன ஓகே."

"ஓகேன்னா ஓகே தாண்ணே. அதுல என்ன வகை?"

காவலாளிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மூணு வருஷமா உங்க வீட்டம்மா இங்க என்ன வேலை பாக்குறாங்கன்னு நீங்க கேட்டதே இல்லையா?"

கேட்டதில்லை என்பதுதான் உண்மை. அவள் சாயங்காலம் வந்து, "இன்னிக்கு நூத்தி எண்பது" என்பாள். இவர் "அப்படியா" என்பார். என்ன நூற்றி எண்பது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் அன்றைக்குத் திருதிருவென விழித்திருக்க வேண்டாம்.

காவலாளி சுவரில் இருந்த மணியை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மேலே செருப்புச் சத்தம் கேட்டது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கி, ஆறு மாடியையும் கடந்து அவர் மனைவி வந்தாள். இடுப்பில் ஒரு பெரிய பதிவேடு. பிள்ளையை வைக்க வேண்டிய இடத்தில் இப்போதைக்கு அதை வைத்திருந்தாள்.

"ஒப்பந்ததாரர் நீங்கதானா?" என்று கேட்டாள்.

"என்னடி, என்னையே கேக்குற?"

"அலுவலக நேரங்க. பேர, தொழில, எந்த அதிகாரி, எந்த இடத்துல, எந்தக் குரல்ல ஓகே சொன்னாருன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். காப்பியை ஊதினார் என்றதும் பேனாவை மூடிவிட்டாள். "நாலாம் வகை. காதுல விழுந்துச்சு ஓகே. அதுல சுவிட்ச் போட முடியாது."

அப்போதுதான் அவருக்கு அந்தப் பதிவேட்டின் கதை தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள், அன்றைய தலைவர் தன் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவர் மாமியார் இரண்டு மாதம் வந்து தங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் வேறு வழியில்லாமல் "ஓகே" என்றார். அதே நேரம் எதிரில் ஒரு மேஸ்திரி, "சுவத்த இடிச்சுரலாமாங்க?" என்று கேட்டுவிட்டு நின்றிருந்தார். தலைவர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவருடைய சொந்தக் கழிப்பறைக்குச் சுவர் இல்லை. மொத்த ஊரும் தெரிந்தது. மொத்த ஊருக்கும் அவர் தெரிந்தார்.

விசாரணைக் குழு போட்டார்கள். நானூறு பக்க அறிக்கை வந்தது. அந்த ஒரு சொல் ஒப்புதல் வாரியத்தில் எத்தனை விதமாகச் சொல்லப்படுகிறது என்று காதை நீட்டிக் கேட்டு, எண்ணி, இருபத்து மூன்று வகை என்று முடிவு கட்டினார்கள். போனை வைப்பதற்குச் சொல்வது ஏழாம் வகை. ஆளை நாற்காலியிலிருந்து கிளப்புவதற்குச் சொல்வது பன்னிரண்டாம் வகை. இழுத்துச் சொல்லிச் சந்தேகத்தைக் காட்டுவது ஒன்பது. மேலதிகாரி திட்டி முடித்த பிறகு சொல்வது பத்தொன்பது. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் சொல்வது பதினேழு, அது மதிய இடைவேளையில் மட்டும் செல்லும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது இருபத்தொன்று. இப்படியே போய் இருபத்து மூன்றில் "இதர" என்று முடியும். முதல் வகை மட்டும்தான் நிஜமான சம்மதம். உள்ள நிலையை மாற்றுகிற எந்தக் காரியத்துக்கும் முதல் வகை வேண்டும். சுவரை இடிக்கவும் அதுதான், கட்டவும் அதுதான்.

கட்டடத்துக்குள் யார் ஓகே சொன்னாலும் அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்காக ஒருவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று எட்டு மாடிக்கும் போய், "இன்னிக்கு எத்தனை சொன்னீங்க, எந்தெந்த வகை?" என்று கேட்டு எழுத வேண்டும். அந்த ஒருவர்தான் லிஃப்ட்காரரின் மனைவி. அவள் வீட்டுக்கு வந்து சொன்ன நூற்றி எண்பது இதுதான்.

"அப்ப அந்த முதல் வகைய யார்கிட்ட வாங்கணும்?" என்று கேட்டார்.

"எங்க பிரிவு அதிகாரியப் பாருங்க. ஆறாவது மாடி." சொல்லிவிட்டு அவள் படியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். பதிவேட்டை நான் தூக்கி வருகிறேன் என்று அவர் கையை நீட்டினார். வெளியாள் தொடக்கூடாதாம். அவர் வெறுங்கையோடு பின்னால் ஏறினார்.

பிரிவு அதிகாரி மெலிந்த மனிதர். மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். ஓகே எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளப்பதற்கு. லிஃப்ட்காரரை அன்பாக உட்காரவைத்தார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. இந்தப் பதினோரு வருஷத்துல எங்க வாரியத்துலேருந்து தப்பான முதல் வகை ஓகே ஒண்ணு கூட வெளிய போகல. வேற எந்த ஆபீஸ்லயாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

"பெரிய விஷயம் சார். சரியானது எத்தனை போயிருக்கு?"

"அதுவும் போகல" என்றார் அதிகாரி, கொஞ்சமும் கூசாமல். "ஒண்ணு போனாத்தானே அது சரியா தப்பான்னு ஆராய்ச்சி வரும்? நாங்க அந்த நிலைமைக்கே இடம் கொடுக்கல. எங்க சாதனையே அதான்."

"அப்ப ஜனங்க எப்படி சார் வீடு கட்டுறாங்க?"

"கட்டிட்டுத்தான் இருக்காங்க" என்றார் அதிகாரி. "அதை நாங்க தடுக்கலையே. தடுக்கறதுக்கும் முதல் வகை வேணும்."

லிஃப்ட்காரருக்குத் தலை சுற்றியது. காதல் கல்யாணத்துக்கு மாமனாரிடம் சம்மதம் கேட்டபோது கூட இவ்வளவு சுற்றவில்லை. அவர் பிடிவாதமாக முடியாது என்று சொன்னார், விஷயம் அங்கேயே முடிந்து மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்க முடிந்தது. இங்கே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

"லிஃப்டுக்கு மட்டும் என்ன வழின்னு சொல்லுங்க சார். என் சம்சாரம் மாசமா இருக்கா. அவளுக்காகவாவது."

"அதுக்குத்தான் குழு இருக்கு. குழு லிஃப்ட்ல ஏறிப் பாத்து, நல்லா ஓடுதுன்னு எழுதிக் கொடுத்தா, தலைவர் முதல் வகை சொல்லலாம்."

"வரச் சொல்லுங்க, இப்பவே ஏத்திக் காட்டுறேன்."

"எப்படி ஏறுவாங்க? முதல் வகை ஓகே இல்லாத லிஃப்ட்ல குழு ஏறக்கூடாதே." இதைச் சொல்லும்போது அதிகாரியின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அன்றிலிருந்து நாற்பத்தேழு நாள். காலையில் வேறு கட்டடங்களில் வேலை முடித்துவிட்டு லிஃப்ட்காரர் தினமும் மதியம் வாரியத்துக்கு வந்துவிடுவார். துணைத் தலைவரிடம் பதின்மூன்றாம் வகை வாங்கினார். அது "பார்க்கலாம்" என்று அர்த்தப்படுவது. சட்டப் பிரிவில் ஐந்தாம் வகை வாங்கினார், "புரிகிறது, ஆனால் என்னை இழுக்காதீர்கள்." சட்டப் பிரிவில் எல்லோருக்கும் அதுதான் கிடைக்குமாம். ஒருவர் கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அது ஓகேதானா என்று கேட்கப் பிரிவு அதிகாரி ஒரு துணைக்குழு போட்டார். ஓகே என்று வாய்க்கு வந்துவிடுமோ என்று பயந்து பாதிப் பேர் "ம்" கொட்டினார்கள். "ம்" வகைப்பாட்டில் இல்லை. அதனால் கட்டடத்தில் எல்லா மாடியிலும் நாள் முழுக்க ஒரே "ம்" சத்தம்.

குழுக் கூட்டம் ஒன்று நடக்கத்தான் செய்தது. எட்டாவது மாடி மண்டபத்தில் பதினான்கு பேர். ஏறி வந்த களைப்பில் முதல் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை, மூச்சுதான் வாங்கினார்கள். பிறகு தலைவர் எழுந்தார். பருமனான உடம்பு, அந்த மாடியை எட்ட அவருக்கு நடுவில் மூன்று இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"நண்பர்களே, சம்மதம்ங்கறது சாதாரண விஷயம் இல்ல" என்று தொடங்கினார். "நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷம். எனக்கு முன்னால இருந்தவர் ஒரே ஒரு ஓகே சொன்னாரு, நாற்காலி போச்சு. நான் ஒண்ணு கூட சொல்லல, நாற்காலி இருக்கு. இதுலேருந்து நீங்க என்ன கத்துக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பொறுப்புள்ள அதிகாரி யாரு? முடியாதுன்னு சொல்றவன் இல்ல, அவன்மேல கோபம் வரும். சரின்னு சொல்றவனும் இல்ல, அவன்மேல வழக்கு வரும். எவன் சொன்னதைக் கேட்டா, கேட்டவனுக்கு வீட்டுக்குப் போனதுக்கப்புறமும் விளங்கலையோ, அவன்தான் பொறுப்புள்ள அதிகாரி."

பலத்த கைதட்டல். லிஃப்ட்காரரும் தட்டினார், பக்கத்தில் இருந்தவர் தட்டியதால்.

தலைவர் நாற்காலியின் கையைப் பிடித்து உட்காரும்போது, "ஓகே" என்றார்.

பிரிவு அதிகாரி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். லிஃப்ட்காரரின் மனைவி பேனாவைத் திறந்தாள். லிஃப்ட்காரர் எழுந்தே விட்டார். தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "இருபத்தொண்ணு" என்றார் அவசரமாக. "முழங்கால். எனக்கு நானே சொல்லிக்கிட்டது. இருபத்தொண்ணுன்னு போட்டுக்கம்மா." போட்டுக்கொண்டாள். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்புப் பட்டை பதிந்திருந்தது. ஏழாவது மாசம் முடியப் போகிறது. படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அவள் லீவு விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்து இருபது நாள் ஆகிவிட்டது.

"லீவு என்னாச்சு?" என்று கேட்டார்.

"பதிமூணு."

"கீழ்மாடிக்கு மாத்தச் சொன்னியே?"

"அதுவும் பதிமூணு. நானேதான் எழுதினேன், என் கையால." அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே உட்கார்ந்து அவள் காலைத் துடைத்துவிட்டார். எட்டு மாடி லிஃப்டை ஒரு ஸ்பேனரால் ஓடவைக்கத் தெரிந்த மனிதருக்குப் பெண்டாட்டியை ஆறு மாடி தூக்கிப் போகத் துப்பில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நீ வேலைய விட்டுரேன்" என்றார்.

"விடறதுக்கும் முதல் வகை வேணுங்க."

நாற்பத்தேழாம் நாள் மதியம் அவர் வாரியத்துக்குள் நுழையும்போது மேலே எதுவோ தொப்பென்று விழுந்து படிப்படியாக உருளும் சத்தம் கேட்டது. பதிவேடு. இரண்டாவது மாடி வளைவில் வந்து விரிந்து கிடந்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். நாலாவது மாடிப் படியில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"விழுந்துட்டியா?"

"இல்ல, கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு, உக்காந்துட்டேன். புத்தகம்தான் விழுந்துச்சு. பயப்படாதீங்க, உள்ள நல்லா உதைக்குது."

அவர் பயந்துவிட்டார். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. மேலே இருந்து எட்டிப் பார்த்த பொறியாளரையும், அவர் தோளுக்குப் பின்னால் நின்ற மற்றவர்களையும் பார்த்து, நாற்பத்தேழு நாளாக அடக்கியதை எல்லாம் கொட்டினார். "நல்லா ஓடுற லிஃப்ட கீழ பூட்டி வச்சிக்கிட்டு, வயித்துப் பிள்ளக்காரிய படியேற வைக்கிறீங்களே, நீங்க மனுஷங்கதானா? எவன் இத நிறுத்தச் சொன்னது? அவன் பேர மட்டும் சொல்லுங்க. எவன்யா ஓகே சொன்னான் நிறுத்தறதுக்கு?"

ஒருவர் "ம்" என்றார்.

அவர் மனைவி மட்டும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெளுத்த முகத்தில் கண் இரண்டும் ஒரு மாதிரி மின்னின. "என்ன கேட்டீங்க இப்ப?"

"எவன் நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டேன்."

"யாரும் சொல்லலைங்க. அதுவா நின்னுச்சு." அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வாங்க. வெளியாளு தொடக்கூடாதுதான். பரவால்ல, எடுங்க."

எடுத்து வந்தார். அவள் அங்கேயே படியில் வைத்துப் பக்கங்களைத் திருப்பினாள். லிஃப்ட் நின்ற திங்கட்கிழமை. எல்லாம் அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்து. அன்றைக்கு மொத்தம் நூற்று அறுபத்து நாலு ஓகே. முதல் வகைப் பத்தி காலி. எப்போதும் போல.

"உள்ள நிலைய மாத்தணும்னா முதல் வகை வேணும்" என்றாள் மெதுவாக, தனக்குத்தானே பாடம் ஒப்பிக்கிறவள் போல. "ஓடிக்கிட்டிருந்தத நிறுத்தறது நிலைய மாத்தறதுதானே? அதுக்கு ஓகே எங்க? இல்ல. அப்ப வாரியக் கணக்குப்படி இந்த லிஃப்ட் நிக்கவே இல்லைங்க. அன்னைலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப கீழ சுவிட்ச்ல தொங்குற பலகை?"

"அத யாரு மாட்டினா?"

மாட்டியது லிஃப்ட்காரரேதான். அவர் பையிலிருந்து எடுத்தது, அவருடைய சொந்தப் பலகை. நாற்பத்தேழு நாளாக எட்டு மாடி அதிகாரிகளும் உத்தரவு என்று நினைத்துப் பயந்து ஒதுங்கிப் போனது, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கித் தானே எழுதிய பலகை. அவரும் தினமும் அதைத் தாண்டித்தான் படியேறி ஓகே கேட்கப் போயிருக்கிறார்.

அவர் கீழே இறங்கிய வேகத்துக்கு லிஃப்ட்கூட இறங்கியிருக்காது. பலகையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். காவலாளி எழுந்து கையைப் பிடித்தார்.

"எத்தனாம் வகை?"

"என் பலகைய நான் எடுத்துட்டுப் போறேண்ணே. அதுக்கு எதுக்கு வகை?"

காவலாளி யோசித்தார். யோசிக்கிற வேகத்தில் கை தளர்ந்தது. லிஃப்ட்காரர் சுவிட்சைப் போட்டார். மேலே மோட்டார் அறையில் ஒரு முனகல் கேட்டது, பிரேக் விட்டது, கயிறு நகர்ந்தது. நாலாவது மாடியில் கதவு திறந்தபோது அவர் மனைவி பதிவேட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொறியாளர் உட்பட அத்தனை பேர் பார்க்க, உள்ளே ஏறினாள்.

செய்தி எட்டு மாடிக்கும் பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் வாசலில் காரை விட்டு இறங்கினார். பிரிவு அதிகாரி படி வழியாகவே ஓடி வந்து, மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். கீழ்மாடிக் கூடம் நிறைந்துவிட்டது.

"யார் ஓகே சொன்னது?" என்றார் தலைவர்.

"யாரும் சொல்லலைங்க ஐயா" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி, கீழே வந்திருந்த லிஃப்டுக்குள் நின்றபடியே. "நிறுத்துன்னும் யாரும் சொல்லல. பதிவேட்ட பாத்துட்டேன். அதனால ஓடுதுங்க."

தலைவர் பிரிவு அதிகாரியைப் பார்த்தார். பிரிவு அதிகாரி பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். திங்கட்கிழமையைப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையைக்கூடப் பார்த்தார். நாற்பத்தேழு நாளையும் பார்த்தார். "விதிப்படி சரிதான் சார்" என்றார் கடைசியில், அழாத குறையாக. "லிஃப்ட் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாமதான் படியில நடந்திருக்கோம்."

"அப்ப உடனே நிறுத்து."

"நிறுத்தலாம் சார். நிறுத்தறதுக்கு முதல் வகை வேணும்."

எல்லார் கண்ணும் தலைவர் வாய்மேல். லிஃப்ட்காரரின் மனைவி பதிவேட்டைத் திரும்ப வாங்கி முதல் வகைப் பத்தியைப் பிரித்து வைத்தாள். பதினோரு வருடமாகப் பேனா படாத பத்தி, மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தது. "சொல்லுங்க ஐயா" என்றாள் மரியாதையாக. "நிறுத்திரலாம்னு ஓகே சொன்னீங்கன்னா, நேரம் போட்டு எழுதிக்கறேன்."

தலைவர் அந்த வெள்ளைப் பத்தியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். படியோரத்தில் அவருக்காகப் போட்டிருந்த முதல் நாற்காலியைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த லிஃப்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஓரடி எடுத்து வைத்து உள்ளே ஏறி, கதவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எட்டு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த லிஃப்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறுத்துவது குறித்து ஒரு கோப்பு திறந்திருக்கிறார்களாம், அது இப்போது சட்டப் பிரிவில் ஐந்தாம் வகையில் இருக்கிறது. மறுநாள் லிஃப்ட்காரர் வீட்டிலிருந்து குட்டை ஸ்டூலைக் கொண்டுவந்து லிஃப்டுக்குள் ஒரு மூலையில் போட்டார். அவர் மனைவி அதில் உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியாகப் போவாள். கதவு திறக்கும். அதிகாரிகள் வெளியே வரிசையில் நின்று, இன்று எத்தனை சொன்னோம், எந்தெந்த வகை என்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள். எழுதி முடித்ததும் கதவு மூடும். அவள் லீவு விண்ணப்பம் இன்னும் பதின்மூன்றிலேயே கிடந்தது. ஆனால் காலில் வீக்கம் வடிந்துவிட்டது.

ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு லிஃப்ட் கீழே வந்து நின்றது. லிஃப்ட்காரர் வாசலில் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"ஓகே" என்றாள்.

காவலாளி பழக்க தோஷத்தில், "எத்தனாம் வகைம்மா?" என்றார்.

அவள் நின்றாள். கட்டடத்துக்குள் யார் சொன்னாலும் ஏற வேண்டும் என்பது விதி. மூடிய பதிவேட்டைத் திரும்பத் திறந்தாள், பேனாவைக் கடித்துக் கொஞ்சம் யோசித்தாள், வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த வெள்ளைப் பத்தியில், நல்ல குண்டு எழுத்தில், நேரம் போட்டு, ஒன்று என்று எழுதினாள்.